தலைப்பு என்னும் திண்ணை: நாவலுக்குப் பெயர் வைப்பது பற்றி

கைப்பிரதியின் முதல் தாளில் ஏழு பெயர்கள் இருந்தன. எழுதி, அடித்து, அடித்ததன் மேலேயே மறுபடி எழுதியவை. நண்பர் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை. பதினோரு வருஷமாக எழுதி முடித்த முதல் நாவல் இது. நதியுண்ணிக் கால்வாயின் கடைசி வயல்களை நம்பிக் கிடக்கும் ஒரு தெருவின் இரண்டு தலைமுறைக் கதை. அட்டை போட வேண்டும், பெயரைச் சொல்லுங்கள் என்று பதிப்பாளர் கேட்டிருக்கிறார். பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடையில் வைத்துத் தாளை என் முன்னால் நீட்டினார். "ஏழுல ஒண்ணச் சொல்லுங்க அண்ணாச்சி."

இதற்குப் போய் ஏன் இவ்வளவு யோசனை, உள்ளே இருக்கிறதுதானே நாவல் என்றேன். அவர் சொன்ன பதில் என்னை இந்தக் கட்டுரை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. "உள்ள இருக்கது ஒங்களுக்கு. எங்கம்மைக்குப் படிக்கத் தெரியாதுல்லா. பாதிக் கத அவ சொன்னதுதான். ஆனா புஸ்தகத்துல அவளுக்குன்னு கிடைக்கப் போறது பேரு ஒண்ணுதான்."

பிரெஞ்சு விமர்சகர் ழெரார் ஜெனத் 1987இல் எழுதிய 'வாசற்படிகள்' என்ற நூலில் இதையேதான் வேறு பாஷையில் சொல்கிறார். பிரதிக்கு வாசகன் உண்டு. தலைப்புக்கு இருப்பது ஊர். புத்தகத்தைத் தொடாதவர்கள், விற்கிறவர்கள், பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்கள் எல்லோரிடமும் தலைப்பு போய்ச் சேருகிறது, கைமாறிக்கொண்டே இருக்கிறது. நம் ஊர் வீட்டை வைத்துச் சொன்னால் தலைப்பு என்பது திண்ணை. தெருவுக்கும் அது சொந்தம், வீட்டுக்கும் சொந்தம். உள்ளே வராமலே போகிறவர்களும் அதில் உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். ஆகவே நாவலின் மற்றெல்லாச் சொற்களையும்விடப் பொதுச்சொத்தாக இருப்பது தலைப்புதான். அதைத் தேர்வு செய்வதில் ஆசிரியனுக்கு இருக்கும் பொறுப்பும் அந்த அளவுக்கு வேறுவிதமானது.

தமிழில் இதுபற்றி யாரும் யோசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நன்னூலின் பாயிரம் ஒரு நூலுக்குப் பெயர் வரும் வழிகளை வகைப்படுத்துகிறது. முதல் நூலால் வருவது, செய்தவன் பெயரால் வருவது, செய்வித்தவனால் வருவது, அளவால், எது மிகுதியோ அதனால், பொருளால், தன்மையால் வருவது. இவை போக, காரணம் கேட்க முடியாத இடுகுறியாகவும் பெயர் வரலாம். தொல்காப்பியம் செய்தவன் பெயரால் வந்தது. நன்னூல் என்ற பெயரே தன்மையால் வந்தது. சசூர் மொழிக்குறியின் இடுகுறித்தன்மை பற்றிப் பேசுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே, ஒரு நூலின் பெயர் உள்ளடக்கத்தோடு எந்த உறவும் இல்லாமல் நிற்கலாம் என்று பவணந்தி இடம் விட்டிருக்கிறார். இதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

இன்னொரு மரபும் உண்டு. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்திருக்கிறார்கள். மலைபடுகடாம் என்ற பெயரும் அப்படி உள்ளிருந்து வந்த தொடர்தான். அதே பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்று வேறொரு பெயரும் இருக்கிறது. இந்த இரட்டைப் பெயர் முக்கியமானது. 'கூத்தராற்றுப்படை' இது என்ன வகைப் பாட்டு என்று சொல்கிறது. 'மலைபடுகடாம்' வகையைச் சொல்லவில்லை. ஒரு சத்தத்தைக் காதில் போடுகிறது. ஜெனத் தலைப்புகளைப் பொருளைச் சொல்பவை, வடிவத்தைச் சொல்பவை என்று இரண்டாகப் பிரிக்கும்போது நமக்குப் புதிதாக இருப்பது பிரிவினையின் பெயர் மட்டும்தான்.

இந்த வடிவத்தைச் சொல்லும் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தமிழ் நாவலின் கதையைச் சொல்லிவிடலாம். 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து 1896இல் நூலான ராஜம் ஐயரின் நாவலுக்கு முதலில் இருந்த முழுப்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. 1898இல் நம் பெருங்குளத்துக்காரர் மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்'. மூன்றும் சரித்திரம். நாவல் என்ற புது வஸ்துவுக்கு அப்போது தனி அந்தஸ்து கிடையாது. சரித்திரம் என்று சொல்லிக்கொண்டால்தான் உண்மை பேசுகிறது என்று நம்புவார்கள். ராஜம் ஐயரின் 'அல்லது' எனக்கு மிகவும் பிடித்த சொல். பாடம் ஒரு பக்கம், மனுஷி ஒரு பக்கம். இரண்டையும் விட மனசில்லாத தடுமாற்றம் அதில் இருக்கிறது. காலம் என்ன செய்தது? 'ஆபத்துக்கிடமான அபவாத'த்தை உதிர்த்துவிட்டுக் கமலாம்பாளை வைத்துக்கொண்டது. மாதவையாவும் 1892இல் 'சாவித்திரி சரித்திரம்' என்று தொடங்கிப் பாதியில் நின்றுபோனதை 1903இல் 'முத்துமீனாட்சி' என்று வெளியிட்டபோது சரித்திரத்தைக் கைவிட்டார். புராணத்துச் சாவித்திரியும் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெயர் வந்துவிட்டது.

பிறகு 1966இல் 'ஒரு புளியமரத்தின் கதை'. சரித்திரம் கதையாக இறங்கிவிட்டது. மனிதரின் இடத்தில் மரம். தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும் (1988) இந்த அடக்கத்தின் வழியில்தான் வருகிறது. ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1981இல், சுந்தர ராமசாமி 'ஜே.ஜே: சில குறிப்புகள்' என்று பெயர் வைத்தாயிற்று. கதையும் இல்லை, குறிப்புகள், அதுவும் 'சில'. சரித்திரம், கதை, குறிப்புகள். முழு உண்மையும் என் கையில் இருக்கிறது என்ற தைரியத்தைத் தமிழ் நாவல் படிப்படியாக இழந்துவந்த நூறு வருஷத்தை இந்த மூன்று சொற்களே காட்டிவிடுகின்றன. தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' (1985) வரும்போது, சொல்லல் என்ற காரியமே தலைப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் நண்பரின் தாளில் இருந்த 'ஒரு வாய்க்காலின் கதை' பிறக்கும்போதே வயசானது. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் கேட்கிறவர் காதில் விழுவது வாய்க்கால் இல்லை, புளியமரம்.

அடுத்தது 'மண்ணும் மனிதர்களும்'. இந்த 'உம்... உம்' தலைப்புக்குத் திருநெல்வேலியில் கௌரவமான பரம்பரை உண்டு. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953), டி. செல்வராஜின் 'மலரும் சருகும்'. இவற்றைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 'பஞ்சும் பசியும்' என்பது காதுக்கென்று செய்த தலைப்பு. மோனை இருக்கிறது, கூட்டத்தில் மைக்கில் சொல்லலாம், தறி ஓட்டுகிற கை நிற்காமல் காதில் வாங்கலாம். நெசவாளியின் கையில் இருப்பதும் வயிற்றில் இருப்பதும் ஒரே தொடரில் வந்துவிடுகின்றன. அந்த நாவலுக்கு அது வேண்டியிருந்தது. சிக்கல் எங்கே என்றால், இந்த அமைப்பு இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள உறவை வாசகனுக்கு முன்பாகவே முடித்துக் கொடுத்துவிடுகிறது. பஞ்சையும் பசியையும் போலக் கனமான, ஒன்றையொன்று குற்றம் சாட்டும் இரண்டு சொற்கள் கிடைத்தால் தாங்கும். மண்ணும் மனிதர்களும் அப்படிப்பட்ட ஜோடி இல்லை. எந்த ஊர்க்கதைக்கும் பொருந்தும். சிவராம காரந்தின் கன்னட நாவல் 'மண்ணும் மனிதரும்' என்ற பெயரில் தமிழில் வந்து எத்தனையோ காலமாயிற்று. வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்சநீதிமன்றமே 2015இல் ஒரு சினிமாப் பெயர் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே சட்டம் தடுக்காது. சட்டம் தடுக்காது என்பது வைக்கக் காரணமாகுமா?

இனி நம் பேச்சின் மையத்துக்கு வருவோம். வண்ணநிலவனின் இரண்டு தலைப்புகள்.

தாமிரபரணி ஓடும் ஊரைப் பற்றி எழுதியவர் 1979இல் தன் நாவலுக்குக் 'கம்பா நதி' என்று பெயர் வைத்தார். வெளியூர்க்காரர் ஏதோ ஒரு நதி என்று நினைத்துக்கொள்வார். ஊர்க்காரருக்குத் தெரியும், அங்கே ஆறு கிடையாது. காந்திமதியம்மன் தவம் செய்ததாகச் சொல்லப்படும் நதி அது. ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு அம்மன் இன்றும் அங்குள்ள மண்டபத்துக்குத்தான் போகிறாள். பெயர் இருக்கிறது, சடங்கு இருக்கிறது, தண்ணீர் இல்லை. வேலைக்கு அலையும் இளைஞர்களும் உள்ளுக்குள் சரிந்துகொண்டிருக்கும் வீடுகளும் நிறைந்த நாவலை முடித்துவிட்டுத் தலைப்புக்குத் திரும்பினால், அது பழைய இடத்தில் இருப்பதில்லை. பெயர் மட்டும் மிஞ்சி உள்ளடக்கம் வற்றிப்போன ஒரு வாழ்க்கையின் பெயராக அது மாறியிருக்கிறது. ஆசிரியர் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஊரின் பெயரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

'ரெயினீஸ் ஐயர் தெரு' (1981) இன்னும் நுட்பம். 'ஐயர் தெரு' என்றதும் தமிழ் வாசகன் மனசில் எழுவது அக்ரகாரம். ஆனால் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் இங்கேயே இறந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ்தான் இந்த ஐயர். இந்தப் பக்கத்துப் புராட்டஸ்டண்டு வழக்கில் குருமாரை ஐயர் என்பார்கள். போப்பையர் என்று சொல்வதில்லையா, அதுமாதிரி. ரேனியஸ் ஊர் வாயில் விழுந்து ரெயினீஸ் ஆனதையும் தலைப்பு திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறது. ஆக ஒரே சொல் இரண்டு வாசகர்களிடம் இரண்டு சாதி உலகங்களைத் திறக்கிறது. தவறாகத் திறந்துகொண்டவர் உள்ளே போய்த் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாசகனுடைய முன்முடிவையே முதல் படிக்கட்டாக்குகிறது இந்தத் தலைப்பு. 'ரோஜாவின் பெயர்' நாவலுக்குத் தலைப்பு வைத்த கதையைச் சொல்லும்போது உம்பர்ட்டோ ஈகோ, தலைப்பு வாசகனின் எண்ணங்களை வரிசையில் நிறுத்தக்கூடாது, கலைத்துவிட வேண்டும் என்ற பொருளில் பேசுகிறார். கலைப்பதற்கு மர்மமான சொல் தேவையில்லை என்பதை ஒரு தெருவின் பெயரை வைத்தே வண்ணநிலவன் காட்டிவிட்டார்.

இதிலிருந்து ஒரு வரையறைக்கு வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைப்பை நாம் இரண்டு முறை வாசிக்கிறோம். புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு முறை, மூடிய பின் ஒரு முறை. இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவே உள்ள தூரம்தான் தலைப்பின் பலம். தூரமே இல்லையென்றால் அது வெறும் லேபிள். இரண்டாவது வாசிப்புக்கு நாவல் கொண்டுபோய்ச் சேர்க்கவே இல்லையென்றால் அது வெறும் ஜிகினா. பூமணியின் 'பிறகு' (1979) ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை. எதற்குப் பிறகு? சுதந்திரத்துக்குப் பிறகா? பிறகு என்ன ஆயிற்று? அழகிரியின் வாழ்க்கை முழுக்கப் படித்தவனுக்கு அந்தச் சொல் கேள்வியாகவும் பதிலாகவும் மாறிமாறி நிற்கிறது. 'வெக்கை' (1982) பழைய திருநெல்வேலி மாவட்டக் கரிசலின் வாய்ச்சொல். 2019இல் அது சினிமாவானபோது 'அசுரன்' என்றாயிற்று. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சினிமாவுக்கு ஆள் வேண்டும். நாவல் ஓர் ஆளின் பெயரை வைக்காமல், தப்பியோடும் சிறுவனையும் துரத்துகிறவர்களையும் ஒன்றாக வேகவைக்கும் ஒரு நிலையைப் பெயராக வைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தாலே நாவல் தலைப்பின் காரியம் எது என்று விளங்கும்.

சரி, ஏழில் மீதியைப் பார்ப்போம்.

'தாமிரபரணியின் கண்ணீர்'. உணர்ச்சியைத் தலைப்பே அனுபவித்து முடித்துவிடுகிறது, வாசகனுக்கு மிச்சம் வைப்பதில்லை. நண்பரே சிரித்துக்கொண்டு அடித்துவிட்டார்.

'பொருநை'. ஆற்றின் பழைய பெயர். இருபது வருஷம் முன்பு என்றால் நானே இதைச் சொல்லியிருப்பேன். 2021 செப்டம்பரில் சிவகளை நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, பொருநை நாகரிகம் என்ற தொடர் ஊரெல்லாம் பரவிய பிறகு, அந்தச் சொல் வேறு கடமைகளை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்று 'பொருநை' என்று அட்டையில் போட்டால் வாசகன் தாழியையும் நெல்மணியையும் எதிர்பார்த்து வருவான். தொன்மையைத் தலைப்பில் வைக்கவே கூடாதா என்றால், அப்படியில்லை. தூத்துக்குடி பரதவர்களின் இருபதாம் நூற்றாண்டை எழுதிய ஜோ டி குரூஸ் தன் நாவலுக்குக் 'கொற்கை' (2009) என்று பெயர் வைத்தார். தாமிரபரணி முகத்துவாரத்துப் பாண்டியர் துறைமுகம் அது. இன்று கடலை விட்டு விலகி உள்ளே கிடக்கும் சின்ன ஊர். முத்தும் துறைமுகமும் கைநழுவுவது அந்த ஊருக்கு ஒருமுறை நடந்தது, அந்தச் சமூகத்துக்கு மறுபடி நடக்கிறது. பழம்பெயர் அங்கே பெருமையை இழப்போடு சேர்த்துச் சுமக்கிறது. நண்பரின் நாவலுக்குள் பொருநை என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. எல்லோரும் 'ஆறு' என்றுதான் சொல்கிறார்கள்.

'பிசானம்'. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் போடும் பருவம். கார், பிசானம் என்று சொல்லித்தான் இந்தப் பள்ளத்தாக்கில் வருஷம் ஓடுகிறது. நல்ல சொல், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நாவலில் பிசானம் பின்னணி மட்டுமே. கனமில்லாத இடத்தில் தலைப்பு கனத்தைத் தூக்கி வைத்துவிடும்.

'நதியுண்ணி'. இது என்னைத் தூங்கவிடவில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றின் நிஜப்பெயர். கவிஞனால்கூட இப்படி ஒரு பெயரைக் கண்டுபிடிக்க முடியாது. மணல் அள்ளுகிறவன், உறிஞ்சுகிறவன் என்று என்னென்னவோ அர்த்தங்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் ஆபத்தும். நாவலுக்குள் அணை இரண்டே இடத்தில் வருகிறது. ஒரு பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை வைத்தால், நாவல் செய்யாத சிந்தனையைத் தலைப்பு செய்ததாகப் பாவனை காட்டும்.

'கடைமடை'. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல். நாவலில் மூன்று முறை இந்தச் சொல் வருகிறது, மூன்றும் பேச்சில். முதலில் மடை திறக்கும் தகராறில், வெறும் இடத்தைக் குறித்து. அடுத்தது ஒரு கல்யாணப் பந்தியில், தங்கள் தெருவைக் கடைசிப் பந்திக்கு நிறுத்தியிருப்பதைப் பார்த்து ஒருத்தர் சொல்வது: "நாமதான் எங்க போனாலும் கடமட." கடைசியாக, கால்வாயே வறண்ட வருஷத்தில் ஒரு கிழவியின் வாயில்: "தண்ணியே வரலன்னா தலமட ஏது, கடமட ஏது." இடத்தின் பெயர் சாதியின் பெயராகிறது, பிறகு இரண்டையும் தாண்டி அந்தச் சொல்லே அர்த்தமிழக்கிறது. பதிற்றுப்பத்தைப் பாட்டுக்குப் பாட்டுப் பெயரிட்டுத் தொகுத்தவர் கையில் இந்தக் கைப்பிரதியைக் கொடுத்திருந்தால் அவரும் இதைத்தான் எடுத்திருப்பார். என் வோட்டு இதற்கே என்று எழுதிப்போட்டேன்.

பத்து நாள் கழித்து நண்பர் பேசினார். ஏழு பெயரையும் அம்மையிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். நதியுண்ணிக்கு அவள் சொன்னது: "அது நமக்குத் தண்ணி குடுத்த அணைல்லா. அதப் போயி திங்கதுன்னு பேரு வைக்கப் போறியா?" என் கோட்பாடுகள் பத்து வரியில் சொன்னதை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்தான் நிலைத்தது. கடைமடையைக் கேட்டதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம் கேட்டிருக்கிறாள்: "ஊர்ல ஒருத்தன் நம்மளச் சொன்னா கோவம் வருது. நாமளே அட்டையில போட்டுக்கிடணுமா?"

இந்தக் கேள்விக்கு நன்னூலிலும் ஜெனத்திலும் பதில் இல்லை. உள்ளிருந்து எடுத்த சொல் என்று நான் கொண்டாடியது, அந்தத் தெருவுக்கு வெளியிலிருந்து எறியப்பட்ட சொல்லாகவும் இருந்திருக்கிறது. திண்ணையில் உட்காருகிறவர்கள் மூன்று இடங்களையும் படித்துவிட்டு வரமாட்டார்கள். முதல் வாசிப்போடு எழுந்து போகிறவர்களே அதிகம். அவர்கள் வாயில் அந்தச் சொல் வசவாகவே தங்கிவிடலாம். படிக்கத் தெரியாத அந்த அம்மைக்குக் கிடைக்கப்போவதும் முதல் வாசிப்பு மட்டும்தான்.

நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. பதிப்பாளரிடம் ஒரு மாதம் தவணை வாங்கியிருக்கிறார். நான் என் வோட்டை மாற்றவில்லை, ஆனால் அவரிடம் ஒன்று சொன்னேன். அந்தக் கிழவி பேசும் கடைசி அத்தியாயத்தை அம்மைக்கு முழுக்க வாசித்துக் காட்டும். கேட்ட பிறகும் அவளுக்கு அந்தப் பெயர் வசவாகத்தான் பட்டால், தலைப்பை மட்டும் மாற்றி என்ன பயன்? அத்தியாயத்தைத் திரும்ப எழுதும். அவள் சொல்லி நீர் எழுதிய கதை அது. இரண்டாவது வாசிப்பு அவளுக்கும் கிடைக்க வேண்டும்.